வால் வெட்டிய எழுத்துகள்

கிள்ளான் ரயிலில் ஜன்னலோரம் இடம் காலியாக இருந்தும் நான் உட்காரவில்லை.

பழுப்புக் காகிதத்தில் சுற்றிச் சணலால் கட்டிய பொட்டலம் ஒன்று என் கக்கத்தில் இருந்தது. உள்ளே நூறு கல்யாண அழைப்பிதழ்கள், மாப்பிள்ளை வீட்டுப் பங்கு. பொட்டலத்திலிருந்து மை வாசனை வந்துகொண்டே இருந்தது. பெட்டாலிங் ஸ்டேஷன் போனது, பத்து தீகா ஸ்டேஷன் போனது. வண்டி நின்ற இடத்திலெல்லாம் இறங்கித் திரும்பிவிடலாமா என்று கால் பரபரத்தது.

அந்த அழைப்பிதழை அச்சுக்கு எழுத்து எழுத்தாகக் கோத்தவன் நான். அது யார் கைக்கும் போய்ச் சேரக்கூடாது என்று அன்றைக்கு இரண்டு பேர் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒருவர் மணப்பெண். மற்றவன் நான்.

உடனே காதல் கதை என்று கணக்குப் போட வேண்டாம். அந்தப் பெண்ணோடு அதுவரை நான் பேசியது ஒரே ஒரு தடவை. அன்றைக்கும் திட்டுத்தான் வாங்கினேன்.

போன வாரம் இந்தப் பத்தியில் நான் பிரஸ்ஸில் சேர்ந்ததைப் பற்றி எழுதியிருந்தேன். ஈப்போவிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "செந்தூல் ரயில் பட்டறையில் நிற்கவில்லை, போர்டு எழுதும் வேலையில் நிற்கவில்லை, லோரியில் நிற்கவில்லை. பிரஸ்ஸில் மட்டும் எப்படி நின்றீர்கள்?" நியாயமான கேள்வி. நிற்க வைத்தது ஓர் எழுத்துதான். அதே எழுத்து என்னைப் பல மாதம் தூங்கவிடாமலும் செய்தது.

ஈர்க்குச்சி

முப்பதுகளின் தொடக்கம். ரப்பர் விலை விழுந்து கிடந்த சமயம். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்ஸுக்குப் போகும் சாலையில் இருந்தது எங்கள் பிரஸ். முதலாளி மரியதாஸ், திருச்சிப் பக்கத்துக்காரர். ஓர் இடத்தில் உட்கார முடியாத மனுஷர். அந்த ஒரு விஷயத்தில் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போனது. சிங்கப்பூர் ஏஜென்ட் அனுப்பும் அச்செழுத்து மாதிரிப் புத்தகங்களை நின்றபடியே புரட்டுவார், கோப்பி ஆறிப்போகும்.

அப்படி வந்த ஒரு புத்தகத்தில்தான் அந்த ஆங்கில எழுத்து வகை இருந்தது. ஜெர்மனியில் வார்த்தது என்றார்கள்.

நான் அதுவரை கோத்த எழுத்துகளுக்கெல்லாம் முனையில் பாதம் இருக்கும், கொக்கி இருக்கும், ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலியும். இதில் அது எதுவும் இல்லை. எல்லாக் கோடும் ஒரே பருமன், அதுவும் ஈர்க்குச்சிப் பருமன். 'ஓ' காம்பஸ் சுழற்றிய சுத்தமான வட்டம். சின்ன 'ஏ' அதே வட்டம், வலப்பக்கம் ஒரு குட்டைக் கோடு. அந்தக் கோட்டை மேலே நீட்டினால் 'டி'. கீழே இறக்கினால் 'கியூ'. அவ்வளவுதான்.

எனக்குத் தலை சுற்றியது. அன்றே ஒரு காம்பஸ் இரவல் வாங்கித் தமிழிலும் அப்படி வரைந்து பார்த்தேன். ட, ப, ம சொன்னபடி கேட்டன. 'ண' வந்ததும் வட்டம் வட்டமாகப் போட்டு ஜிலேபியாகிவிட்டது. 'ஞ' என்னை அழவைத்தது. ஆனாலும் விடவில்லை. ரொட்டி சுற்றிய காகிதம், சவரக்கடைச் சுவர், எங்கே இடம் கிடைத்தாலும் வட்டமும் கோடும்தான்.

முதலாளிக்கும் ஆசை. ஆனால் காரணம் இல்லாமல் யார் வாங்குவது? காரணம் ஒரு சனிக்கிழமை குடை பிடித்துக்கொண்டு வந்தது.

இது எத்தனை நாளில் வரும்?

வந்தவர்கள் ரயில்வே ஸ்டோரில் பெரிய கிளார்க்காக இருந்த கனகசபாபதியும் அவர் மகளும். யாழ்ப்பாணத்துக் குடும்பம். மகள் சரஸ்வதி ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியை, ஆகவே எல்லாருக்கும் டீச்சர். மணப்பெண்ணே அச்சகத்துக்கு வருவது அந்தக் காலத்தில் நடக்காத காரியம். கனகசபாபதி அதை ஒரு பெருமையாகவே சொன்னார்.

"கலியாணக் காட் இங்கிலீசில எப்பிடி இருக்கவேணும் எண்டதை நீயே பாத்து எடு எண்டு சொல்லிப்போட்டன். அவவின்ர விருப்பம்."

டீச்சர் மாதிரிப் புத்தகங்களை மெதுவாகப் புரட்டினார். எங்களிடம் இருந்த எழுத்துகளை எல்லாம் தள்ளிவிட்டு அந்த ஈர்க்குச்சிப் பக்கத்தில் விரலை வைத்தார்.

"இது இருக்குதோ?"

"இல்லீங்க டீச்சர்," என்றார் முதலாளி. "ஜெர்மனியிலருந்து கப்பல்ல வரணும். ரெண்டு மாசம், மூணு மாசம்கூட ஆகலாம்."

"எனக்கு இதுதான் வேணும்."

கனகசபாபதி முகம் சுளித்தார். ஆனால் சபையில் கொடுத்த சொல்லை மாற்ற மனமில்லை. நான் எழுத்துப் பெட்டிக்குப் பின்னால் நின்று, இந்த ஊரில் எனக்குப் பிடித்ததைப் பிடித்த இன்னொரு ஆள் இருக்கிறார் என்று குதித்துக்கொண்டிருந்தேன்.

முதலாளி அன்றே சிங்கப்பூருக்குத் தந்தி அடித்தார். அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்தோம்: ஏஜென்டிடம் மாதிரிக்காக வரவழைத்த சின்னப் பெட்டி ஒன்று இருந்தது. பத்தே நாளில் ரயிலில் வந்து இறங்கிவிட்டது.

பதின்மூன்று குறைந்தது

ஈய எழுத்துகளை வெள்ளைக்காரன் அவன் மொழிக்கு ஏற்றபடி எண்ணிப் பெட்டியில் போடுகிறான். 'ஈ' குவியலாக இருக்கும். 'ஏ' அளவாகத்தான் இருக்கும். நம் பெயர்களோ 'ஏ'யைத் தின்று வளர்ந்தவை. கனகசபாபதி என்று ஆங்கிலத்தில் ஒரு தடவை கோத்தால் ஆறு 'ஏ' போய்விடும். சரஸ்வதிக்கு மூன்று. மாப்பிள்ளை மகாலிங்கத்துக்கு மூன்று. அப்புறம் மாப்பிள்ளையின் அப்பா, இரண்டு ஊர், கோயில்.

கோத்துப் பார்த்தேன். பதின்மூன்று 'ஏ' குறைந்தது.

முதலாளி தலையில் கைவைத்தார். "ஏஜென்டுகிட்டயும் வேற இல்ல, சாமி. இனிமே ஜெர்மனிதான். டீச்சர் வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சொல்லிடு, கொஞ்சம் பொறுக்கணும்னு."

சொல்லி அனுப்பினோம். டீச்சர், "பரவாயில்லை, பொறுக்கிறம்" என்று பதில் அனுப்பினார். எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மற்றவர்கள் கோயிலுக்கும் சர்ச்சுக்கும் போயிருந்தார்கள். எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பிரஸ்ஸைத் திறந்து பெட்டி முன்னால் நின்றேன். 'டி' பத்து மிச்சம் இருந்தது. 'கியூ' நான்கு, அதில் ஒன்றுதான் தேவை.

'டி'யின் மேல்கோட்டைச் சுரண்டிவிட்டால்? 'கியூ'வின் வாலை வெட்டிவிட்டால்?

பக்கத்துக் கடையில் கடிகாரம் பழுது பார்க்கும் சீனரிடம் கண்ணில் இடுக்கும் பூதக்கண்ணாடியும் ஊசி போன்ற உளியும் இரவல் வாங்கினேன். அரிசி முனை அளவு ஈயம். மூச்சு விட்டால் கை ஆடும். முதல் 'கியூ'வில் வட்டத்தையே கீறிவிடப் பார்த்தேன். அப்புறம் பழகிவிட்டது. கோட்டைச் சுரண்டிப் பள்ளமாக்கினால் அந்த இடத்தில் மை ஏறாது. காகிதத்தில் 'ஏ' மட்டும் விழும். மத்தியானத்துக்குள் பதின்மூன்றும் தயார். வேறு எந்த எழுத்து வகையிலும் இது நடக்காது. வட்டமும் கோடும் மட்டுமே ஆன எழுத்து என்பதால் நடந்தது.

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேலையை முடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் நின்று பார்த்தேன்.

திட்டு

திங்கட்கிழமை சாயங்காலம் சரிபார்க்கும் ப்ரூஃபை எடுத்துக்கொண்டு நானே டீச்சர் வீட்டுக்குப் போனேன். அப்பா வேலையிலிருந்து திரும்பியிருக்கவில்லை. அம்மா உள்ளே தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. டீச்சர் வாசலுக்கு வந்து காகிதத்தை வாங்கினார். முகம் வெளிறியது.

"'ஏ' இல்லையெண்டுதானே சொல்லி அனுப்பினியள்?"

"நானே பண்ணிட்டேன் டீச்சர்." எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "கியூவோட வாலை வெட்டினேன். டியோட தலையைச் சுரண்டினேன். எது எதுன்னு கண்டுபிடிங்க பாக்கலாம்!"

அவர் கண்டுபிடிக்கவில்லை. உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில், ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார்.

"ஆர் உங்களை வெட்டச் சொன்னது?"

கையிலிருந்த தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"இந்த எழுத்தை ஏன் எடுத்தனான் தெரியுமோ? உங்கட முதலாளி மூண்டு மாசம் எண்டு சொன்னவர். அதுக்காகத்தான் எடுத்தனான். வேறொண்டுக்கும் இல்லை."

சென்னையில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி ஒன்றுக்கு அவர் விண்ணப்பம் போட்டிருந்தார். பதில் கப்பலில் வரவேண்டும். அப்பா ஒரு வாக்குத்தான் கொடுத்திருந்தார்: அழைப்பிதழ் ஊருக்குப் போவதற்குள் இடம் கிடைத்துக் கடிதம் வந்தால் யோசிக்கலாம், போய்விட்டால் அப்புறம் பேச்சே இல்லை.

"காட் பிந்தினால் எல்லாம் பிந்தும் எண்டு இருந்தனான். நீங்கள் கெட்டிக்காரன். எல்லாத்தையும் கெதியா முடிச்சுப்போட்டியள்."

தேங்காய்ச் சத்தம் நின்றது. "ஆரது பிள்ளை?" என்று அம்மாவின் குரல் வந்தது.

"பிரஸ்ஸில இருந்து அம்மா. காட் சரியா இருக்கு," என்று உரக்கச் சொல்லிவிட்டு, என் காதிலிருந்த பென்சிலை வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எழுத்து நடுங்கவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் அச்சு. கோத்த எழுத்துகளை இறுக்கிய சட்டத்தை, அதாவது பாரத்தை, மேசையிலிருந்து மிதி மெஷினுக்குத் தூக்கிப் போகும் தூரம் ஆறு தப்படி இருக்கும். கை நழுவினால் போதும். எழுத்தெல்லாம் தரையில் சிதறும், மெல்லிய கோடுகள் பாதி முறியும். ஆறு தப்படியும் அதையே நினைத்தபடி நடந்தேன். நழுவவிடவில்லை. முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார், டீச்சரின் கையெழுத்து இருந்தது, அதற்கு மேல் எனக்குத் தைரியமும் இல்லை. முந்நூறும் அடித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு அழகாக அந்தப் பிரஸ்ஸில் அதற்கு முன்னால் எதுவும் அடித்ததில்லை.

பெண் வீட்டுப் பங்கை முதலில் கொடுக்கும் வழக்கம் இல்லை. மாப்பிள்ளை கையில் நூறு கொடுத்த பிறகுதான் இங்கே பிரிப்பார்கள். ஆகவே சனிக்கிழமை கிள்ளான் ரயிலில் நான்.

மாப்பிள்ளை

மகாலிங்கம் கிள்ளானில் அரசாங்க அலுவலகக் கிளார்க். ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம், நாலைந்து யாழ்ப்பாணத்து ஆபீஸர்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்த வீடு. வாசலில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார். முப்பது வயது இருக்கும். முழங்கை வரை கரி.

"பிரஸ்ஸில இருந்தோ? வாரும், வாரும். என்ர கையைப் பாரும், தொடேலாது. நீரே பிரிச்சுக் காட்டும்."

சணலை அவிழ்த்து ஓர் அட்டையை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். குனிந்து படித்தார். கழுத்தைப் பின்னால் இழுத்துப் படித்தார்.

"இதென்ன தம்பி, எழுத்தோ எறும்புக் காலோ? கொஞ்சம் தள்ளினால் ஒண்டும் தெரியேல்லை. ஆர் எடுத்தது இதை?"

"டீச்சர்தான் சார்."

"அவவோ? வடிவுதான்." சிரித்தார். நல்ல சிரிப்பு. "என்னத்துக்கு இதைப் போய் எடுத்தவ?"

வேடிக்கையாகக் கேட்டதுதான். 'எனக்கு எப்படி சார் தெரியும்' என்று சொல்லிவிட்டு அடுத்த ரயிலைப் பிடித்திருக்கலாம். ஐந்து நாளாக உள்ளே கிடந்து உருண்டது வாய்க்கு வந்துவிட்டது.

"இது சீக்கிரம் கெடைக்காதுன்னுதான் எடுத்தாங்க, சார்."

சங்கிலியைப் பிடித்திருந்த கை நின்றது. நிறுத்தத் தெரியாமல் எல்லாவற்றையும் சொன்னேன். மருத்துவப் பள்ளி, கப்பல், அப்பாவின் வாக்கு, நான் வெட்டிய பதின்மூன்று. பாதியிலேயே புரிந்தது, ஒரு பெண்ணின் பேரை அவளுக்கு மாப்பிள்ளையாக வரப்போகிறவனிடம் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று. கல்யாணமாகாத பெண் அச்சுக்கோப்பவனிடம் மனம் திறந்தாள் என்று இவர் ஒரு வார்த்தை வெளியே சொன்னால் போதும்.

அவர் கரிக்கையைத் துணியில் நெடுநேரம் துடைத்தார்.

"இதை வேற ஆருக்கும் சொன்னனீரோ?"

"இல்ல சார்."

"இனியும் சொல்லாதேயும். பொட்டலத்தை வைச்சிட்டுப் போம்."

கோபமா, வருத்தமா, முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

காத்திருந்த நாட்கள்

அந்த வாரம் நான் கோத்தது எல்லாம் பிழை. பல் வைத்தியர் ஒருவரின் விளம்பரத்தில் பல்லைப் பால் ஆக்கிவிட்டேன். "என்னா லா உனக்கு, பேய் பிடிச்சிருக்கா?" என்று முதலாளி கத்தினார். வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் ரயில் பாதையோரமாகவே நடந்து திரிந்தேன். நாலாவது வேலையையும் விட்டுவிட்டுப் பினாங்குக்கு ஓடிவிடலாம் என்று பெட்டிகூடக் கட்டினேன்.

புதன்கிழமை கனகசபாபதி வந்தார். மாப்பிள்ளை வீட்டு நூறையும், தம் பங்கு இருநூறையும் எங்கள் மேசைமேல் வைத்தார்.

"இது இனித் தேவையில்லை."

"என்னங்க ஆச்சு?" என்றார் முதலாளி.

"மாப்பிள்ளைக்கு இடமாற்றம் வரப்போகுதாம். இப்ப கலியாணம் சரிவராதாம்." அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. குடையை மறந்துவிட்டுப் போனார். நான் பின்னால் ஓடிக் கொடுத்தேன். அவர் கண்ணை நான் பார்க்கவில்லை.

மகாலிங்கத்துக்கு எந்த இடமாற்றமும் வரவில்லை. கிள்ளானிலேயே இருந்தார்.

ஊர் சும்மா இருக்குமா? பிரிக்பீல்ட்ஸில் பழியெல்லாம் பெண் தலையில்தான் விழுந்தது. ஜாதகத்தில் குற்றம் என்றார்கள். நெஞ்சில் நோய் என்றார்கள். சவரக்கடையில் ஒருவன் இன்னும் மோசமாகச் சொன்னான். பாதி முகம் சவரத்தோடு எழுந்து வந்துவிட்டேன். டீச்சர் தினமும் எங்கள் பிரஸ் வழியாகத்தான் பள்ளிக்குப் போவார். முன்பெல்லாம் இரண்டு பேர் கூட வருவார்கள். இப்போது தனியாக நடந்தார். நான் எழுத்துப் பெட்டிக்குப் பின்னால் குனிந்துகொள்வேன்.

நம் ஈர்க்குச்சி எழுத்து மட்டும் அமோகமாகப் பிழைத்தது. போட்டோ ஸ்டூடியோ, தேநீர் விருந்து நிகழ்ச்சி நிரல், தலைக்கு வைக்கும் தைலத்தின் லேபிள், எல்லாவற்றுக்கும் "அந்த ஒல்லி எழுத்துதான் வேணும்" என்று வந்தார்கள். ஒரு ரப்பர் தோட்டத்துக் கிராணி, கணக்கெழுதுகிறவர், எச்சரிக்கை அறிவிப்புக்கும் அதையே கேட்டு வாங்கிப்போனார். ஒரே வாரத்தில் திரும்பி வந்தார். மரத்தில் ஒட்டியதை யாரும் படிக்கவே இல்லையாம். பட்டை வெடிப்பு என்று நினைத்துத் தாண்டிப் போனார்களாம்.

கேள்வி

ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியிருக்கும். ஒரு நாள் மத்தியானம், முதலாளி இல்லாத நேரம், டீச்சர் நேராக உள்ளே வந்தார். குனிந்துகொள்ள இடமில்லை.

"கப்பலுக்குப் போறன்," என்றார். "சென்னைக்கு."

"அந்தக் கடிதம்..."

"அந்தக் கடிதம் அப்பவே வந்தது. இடமில்லை எண்டு வந்தது. திரும்பவும் போட்டனான். இந்த முறை கிடைச்சிருக்கு."

"நான் கிள்ளான்ல..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும். அவர் சொன்னவர்."

நான் கிள்ளான் போய்வந்த அடுத்த செவ்வாய்க்கிழமை மகாலிங்கம் லீவு போட்டுவிட்டு டீச்சர் வீட்டுக்கு வந்திருக்கிறார். அப்பா, அம்மா இருக்கும்போதே டீச்சரைக் கூப்பிட்டு, "உமக்கு இந்தக் கலியாணத்தில விருப்பமோ?" என்று நேராகக் கேட்டிருக்கிறார். டீச்சர் "இப்ப இல்லை" என்றிருக்கிறார். "சரி" என்று எழுந்து போனவர், மறுநாள் காலையிலேயே நூறு அழைப்பிதழையும் இடமாற்றம் என்று ஒரு கடிதத்தையும் ஆள்வசம் கொடுத்தனுப்பியிருக்கிறார். அப்பா ஒரு வருஷம் மகளோடு முகம் கொடுத்துப் பேசவில்லையாம். சென்னைக்கு டிக்கெட் எடுத்தது மட்டும் அவரே.

"எனக்கு நல்லது செய்யிறதா நினைச்சு நீங்கள் ரெண்டு காரியம் செய்தனீங்கள்," என்றார் டீச்சர். "எழுத்தை வெட்டினியள். கிள்ளானில போய்க் கதைச்சியள். ரெண்டு தரமும் என்னைக் கேக்கேல்லை."

"தப்புதாங்க டீச்சர்."

"அப்பாவும் கேக்கேல்லை. எல்லாத்தையும் முடிவு செய்துபோட்டு எழுத்தை மட்டும் எடு எண்டவர். என்னைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். அவரைத்தான் நான் வேண்டாமெண்டனான்." சொல்லிவிட்டுச் சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். கண் கலங்கியதா என்று நான் பார்க்கவில்லை.

பிறகு கைப்பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதம் எடுத்தார். பெயரும், சென்னை விலாசமும்.

"பெட்டியில ஒட்டுறதுக்கு. நாலு அடிச்சுத் தருவியளோ?"

கை தானாக ஒல்லி எழுத்துப் பெட்டியை இழுக்கப் போனது. நிறுத்தினேன்.

"எந்த எழுத்துல வேணும், டீச்சர்?"

அவர் என்னைப் பார்த்தார். முதல் தடவையாகச் சிரித்தார்.

"தடிச்சதா. இருக்கிறதுக்குள்ள தடிச்சது எதுவோ அது. துறைமுகத்தில பெட்டி எங்க கிடந்தாலும் என்ர எண்டு தெரியவேணும்."

கடை விளம்பரத்துக்கு வைத்திருந்த கறுத்த மர எழுத்துகளை எடுத்தேன். ஒவ்வொன்றும் கட்டைவிரல் அகலம். மை தாராளமாகப் பூசி நாலு தாள் அடித்தேன். ஈரம் காயுமுன்பே ஒன்றை வாங்கி எங்கள் முன்சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, டீச்சர் சாலையைக் கடந்தார். மாட்டு வண்டி ஒன்று போக விட்டு, எதிர்ப்பக்கம் போய் நின்று திரும்பிப் பார்த்தார்.

தெரிகிறது என்று அங்கிருந்தே கையை உயர்த்திக் காட்டினார்.